கூட்டில் புதினா வாசனை

வாயைத் திறந்து காட்டினால் போதும், பல் டாக்டருக்கு வேறெதுவும் வேண்டாம். முப்பத்தேழு வருஷம் ஊரார் வாயைப் பார்த்தே வீடு கட்டினார், தோட்டம் போட்டார், கடைசியில் கிளினிக்கை மூடிவிட்டு முழங்கை நீள லென்ஸோடு ஒரு கேமரா வாங்கினார். வாங்கிய பிறகும் அவர் தேடிப்போனது வாயைத்தான். இந்தத் தடவை பறவைக் குஞ்சுகளின் வாய்.

"மனுஷன் வாயைத் திறந்தா நாத்தம். இதுங்க வாயைத் திறந்தா பூ," என்பார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம். வருகிறவர்கள் சிரிப்பார்கள். சமையலறை ஜன்னலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் தோட்டக்காரர் மகள் சிரிக்கமாட்டாள்.

அவள் விலங்கியல் பட்டதாரி. அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் காலேஜ் வாசலை மிதித்தவர் அவள் அப்பா ஒருவர்தான், அதுவும் அங்கே புல் வெட்டப் போனபோது. பட்டம் வாங்கி ஒன்றரை வருஷம் ஆகியும் வேலை இல்லை. "விலங்கியலா? நல்லது. கூண்டு கழுவத் தெரியும்," என்றார் பக்கத்து வீட்டுத் தையற்காரர். அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். "பட்டதாரி" என்பார். பெருமை வந்தால் ஒரு ராகம், எரிச்சல் வந்தால் வேறொரு ராகம். ஒன்றரை வருஷத்தில் இரண்டாவது ராகம்தான் நன்றாகத் தேறியிருந்தது.

பதினாலு வருஷமாக அப்பா வேலை செய்யும் தோட்டம் அது. மூன்று மாதம் முன்னால் டாக்டரே கேட்டார்: "உன் பொண்ணு பிராணிங்களைப் பத்திப் படிச்சவதானே? என் படத்துக்கெல்லாம் குறிப்பு எழுதச் சொல்லு." அப்படி வந்தவள். பின்வாசல் வழியாக உள்ளே வரவேண்டும். டீ உண்டு. அவளுக்கும் அப்பாவுக்கும் என்று இரண்டு கோப்பைகள் தனியாக இருந்தன. மாறிப்போகாமல் இருக்க டாக்டரம்மா அவற்றின் அடியில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு பொட்டு வைத்திருந்தார். முதல் நாள் கோப்பையைக் கவிழ்த்துக் கழுவும்போது அந்தப் பொட்டைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவளுக்கு டீ பிடிக்காமல் போயிற்று.

ஆனால் வேலை பிடித்திருந்தது. அதுதான் கொடுமை.

ஜன்னலிலிருந்து நாலடி தூரத்து எலுமிச்சைச் செடியில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு கட்டியிருந்தது. வேரும் நாரும் சாக்கு நூலும் சேர்த்துப் பின்னிய சின்னக் கிண்ணம். உள்ளே மூன்று முட்டைகள். மூன்றும் ஒரே நாளில் பொரிந்தன. பொரிந்த அன்று குருவிக் குஞ்சைப் பார்த்து அழகு என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார். மயிரில்லை, கண் திறக்கவில்லை, கொதிநீரில் ஊறிய கட்டைவிரல் மாதிரி ஒரு பிண்டம், நடுவில் ஒரு வாய். அவளுக்கு அந்த அவலட்சணம்தான் பிடித்தது. ஒளிவுமறைவு இல்லாத பசி.

நோட்டில் எழுதுவாள்: நாள் மூன்று. காலை ஏழிலிருந்து எட்டுவரை பதினொரு வருகை. ஏழு புழு, மூன்று பழம், ஒன்று என்னவென்று தெரியவில்லை.

தெரியாததைத் தெரியவில்லை என்று எழுத அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது காலேஜ். மூன்று வருஷப் படிப்பில் உருப்படியாகக் கிடைத்தது அது ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள்.

இரை கொடுத்ததும் தாய் உடனே பறக்காது, காத்திருக்கும். குஞ்சு பின்புறத்தைத் தூக்கும். மெல்லிய பையில் கட்டினதுபோல வெள்ளையாக எச்சம் வரும். தாய் அதை அலகிலேயே வாங்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போடும். சில நேரம் அங்கேயே விழுங்கிவிடும். டாக்டர் அந்த நொடியைத் தற்செயலாகப் படம் பிடித்துவிட்டார். பெரிய திரையில் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"சீச்சீ. அழி அதை. பீயைத் திங்குது."

"கூட்டைச் சுத்தமா வச்சிருக்கு சார். இல்லாட்டி எறும்பு வரும், நாத்தத்துக்குப் பாம்பு வரும்."

"பாக்கறவங்க சாப்பிட்டுக்கிட்டே பாப்பாங்கம்மா. அழி."

அழித்தாள். அந்த வீட்டில் இருந்ததிலேயே சுத்தமான படம் அது.

நாலாம் நாள் டாக்டர் வெளிச்சம் போதவில்லை என்றார்.

"என்னப்பா, இந்தப் பக்கம் இலையெல்லாம் எடுத்துடு. கூடு பளிச்சுன்னு தெரியணும்."

அப்பா கத்தரியோடு நின்றார். "வெயில் நேரா அடிக்குமே சார்."

"அடிக்கட்டுமே. குஞ்சுக்கு எலும்பு உறுதியாகும்."

அவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அப்பா நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கத்தரி சத்தத்தை எண்ணினாள். பதினொரு கிளை. சாயங்காலம் வீடு திரும்பும் வழியெல்லாம் சண்டை.

"நீ ஏன் வெட்டின?"

"வெட்டச் சொன்னா வெட்டறவன் பேருதான் தோட்டக்காரன்."

"உன் கையை வெட்டச் சொன்னா?"

"எந்தக் கைன்னு கேப்பேன்."

"சிரிக்காதப்பா."

"நான் எங்க சிரிச்சேன், பட்டதாரி. நீதான் சிரிப்பு வர்ற மாதிரி கேக்கற."

மறுநாள் பத்து மணிக்கு வெயில் நேராகக் கூட்டில் இறங்கியது. தாய்ப்பறவை கூட்டு விளிம்பில் நின்று இரண்டு சிறகையும் குடையாக விரித்தது. அலகு பிளந்து மூச்சு வாங்கியது. அப்படியே இரண்டு மணி நேரம். இரை தேடப் போகவில்லை. ஆண் மட்டும் வந்து வந்து போனது. நிழலுக்குள் மூன்று தலைகள் துவண்டு கிடந்தன. டாக்டர் அறுநூறு படம் எடுத்தார். கண் கலங்கியே விட்டார் மனுஷன்.

"பாரும்மா, பாரு. தாய்ப்பாசம்! இதுக்கு மேல என்ன இருக்கு உலகத்துல?"

ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாய்க்காவது கேமரா இல்லை. டாக்டர் உறுப்பினராக இருந்த பறவை நேசர் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படத்துக்கு மதியத்துக்குள் நூறு கைகூப்பு விழுந்தது. யாரோ நாலு வரி கவிதையே எழுதிவிட்டார். அவள் நோட்டில் ஒரே வரி எழுதினாள்: கிளைகள் வெட்டப்பட்டதால் நிழல் இல்லை, தாய் இரண்டு மணி நேரம் சிறகால் மறைத்தது.

டாக்டர் படித்தார். மேசை இழுப்பறையிலிருந்து வெள்ளை மையை எடுத்து, முதல் பாதியை மட்டும் பூசி மறைத்தார். பல்லில் ஓட்டை அடைக்கிறவரின் கை. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. பூச்சு காய்ந்ததும் பார்த்தால் வரி இப்படி இருந்தது: தாய் இரண்டு மணி நேரம் சிறகால் மறைத்தது.

"இதுவும் உண்மைதானேம்மா," என்றார்.

அப்போதே எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. ஏனென்றால் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. வீட்டுத் தோட்டத்துப் பறவைகள் என்று தலைப்பு. படத்தோடு ஒரு உறுதிமொழிப் படிவம் வைக்கவேண்டும்: கூட்டுக்கோ குஞ்சுகளுக்கோ எந்தத் தொந்தரவும் இல்லாமல் எடுத்த படம் என்று, உயிரியல் படித்த பட்டதாரி ஒருவர் கூடவே இருந்து பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டும். அந்தப் பட்டதாரி அவள்தான். சங்கத்தில் கள உதவியாளர் இடம் ஒன்று காலியாக இருந்தது. ஏரி ஏரியாகப் போய்ப் பறவை எண்ணும் வேலை. அவள் அதற்கு இரண்டு தடவை எழுதிப்போட்டும் பதில் வரவில்லை.

"படம் ஜெயிச்சா அந்த இடம் உனக்குத்தான். தலைவிகிட்ட நான் பேசிட்டேன்," என்றார் டாக்டர்.

ஒன்றரை வருஷத்தில் அவள் பட்டத்தை யாரும் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்கிறார்கள், ஒரு கையெழுத்துக்காக.

வியாழக்கிழமை காலையிலேயே டாக்டர் அவளை அனுப்பிவிட்டார். "படிவத்தோட சர்டிபிகேட் நகல் வைக்கணும். அதிகாரிகிட்ட முத்திரை வாங்கிட்டு வந்துடு. இன்னைக்கு இங்க உனக்கு வேலை இல்லை." அலுவலகத்தில் அரை நாள் வரிசை, அரை நாள் அதிகாரி சாப்பிடப் போனது. முத்திரை குத்திய நகலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்தாள். கசங்கக்கூடாதே.

வெள்ளிக்கிழமை அவள் பின்வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டாக்டரம்மா கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மேல்வரிசை முழுக்கக் கட்டுப்பல். கட்டிக்கொடுத்தவர் கணவர்தான். ஊருக்கெல்லாம் அச்சாகப் பொருந்தும் பல்செட் செய்தவர், வீட்டுக்காரிக்குச் செய்தது மட்டும் அளவு பிசகிப்போய், பசை தடவாமல் நிற்காது. புதினா வாசனை அடிக்கிற இளஞ்சிவப்புப் பசை. சாப்பாட்டு மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் அந்த டியூப் எப்போதும் இருக்கும். இப்போது இல்லை.

"நேத்து காலையிலேர்ந்து காணோம். ரெண்டு நாளா கஞ்சி குடிக்கிறேன்," என்றார், வாயைக் கையால் மறைத்தபடி. "வெளியாளுங்கன்னு இந்த வீட்டுக்குள்ள வர்றது ரெண்டே பேரு."

தண்ணீர்க்குழாயைப் பிடித்தபடி ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்றார். "எனக்கு எதுக்கும்மா பல்லுப் பசை? என் பல்லு என்கிட்டயேதான் இருக்கு."

"வாய் நீளுதா?"

"இல்லம்மா. பல்லைப் பத்தித்தான் சொன்னேன்."

டாக்டர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார். ஒரு நொடி, இரண்டு நொடி. டாக்டர் பேப்பரைப் புரட்டினார். "எங்கயாவது இருக்கும், தேடு," என்றார் பொதுவாக, தலையைத் தூக்காமல். அப்பா குழாயை இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நாள் பத்து. தாய் வந்தது, அலகில் பழம். இரண்டு வாய்தான் எழுந்தது. ஒன்று நேராக, ஒன்று கோணலாக, யாரோ கீழிருந்து இழுத்துப் பிடித்ததுபோல. தாய் இரை கொடுத்துவிட்டு எச்சத்துக்காகக் காத்திருந்தது. குஞ்சால் பின்புறத்தைத் தூக்க முடியவில்லை. தாய் அலகால் அதைத் தட்டியது. திரும்பத் திரும்பத் தட்டியது.

அவள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

கூட்டருகே முகத்தைக் கொண்டுபோனதும் முதலில் வந்தது வாசனைதான். புதினா. குருவிக் கூட்டில், புழுவும் எச்சமும் நாறவேண்டிய இடத்தில், அப்போதுதான் பல் துலக்கியவர் வாய்போலப் புதினா மணத்தது. பிறகுதான் பார்த்தாள். மூன்று குஞ்சுகளும் ஒரே கட்டியாக ஒட்டிக்கிடந்தன. கால்களைச் சுற்றி, வயிற்றுக்கு அடியில், இளஞ்சிவப்பாக நூல் நூலாக ஏதோ இழுபட்டது. அதில் எச்சம் அப்பியிருந்தது, சாக்கு நூல் சுற்றியிருந்தது, எறும்பு மொய்த்தது. தண்ணீர் பட்டுப் பசை ஊதிப் பருத்திருந்தது. எச்சிலில் ஊறினால் இறுகட்டும் என்றுதானே அதைச் செய்கிறார்கள். அடியில் கிடந்த குஞ்சு செத்து நேரமாகியிருந்தது. அதன் வாய் திறந்தே இருந்தது. திறந்த வாய்க்குள் ஒரு முழுப்பழம். செத்தது தெரியாமல் தாய் ஊட்டியிருக்கிறது.

முக்காலியிலிருந்து இறங்கி எலுமிச்சைத் தூரில் வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் எண்ணெய்ப் பாட்டிலையும், டாக்டரின் அலமாரியிலிருந்து பஞ்சுக் குச்சியையும் எடுத்துவந்தாள். பல்செட் பசையைத் தண்ணீர் கரைக்காது, எண்ணெய்தான் இளக்கும். டாக்டரம்மா ஈறைத் துடைப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு விரலாக எண்ணெய் வைத்தாள். குருவிக் குஞ்சின் கால்விரல் தீக்குச்சியில் பாதிகூட இருக்காது. நாற்பது நிமிஷத்தில் இரண்டு பிரிந்தன. ஒன்றுக்குப் பின்விரல் நகம் பசையோடு வந்துவிட்டது. அவள் தொட்டபோதெல்லாம் இரண்டும் வாயைத் திறந்தன. கடிக்கத் தெரியாது, பயப்படத் தெரியாது. எது தொட்டாலும் சாப்பாடு என்று நினைத்தன.

செத்ததைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். அப்பா செங்கல் துண்டால் நகத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் இளஞ்சிவப்பு.

"இது என்ன?"

அப்பா கைக்குட்டையைப் பார்த்தார். தேய்ப்பது நின்றது.

"ரெண்டு நிமிஷம்னாரு. கிளையைப் பிடின்னாரு, பிடிச்சேன். மூணும் வரிசையா நிக்கணும், தாய் வந்து ஊட்டணும்னாரு. அதுங்களுக்கு நிக்கத் தெரியலை, விழுந்து விழுந்து போச்சு. அப்புறம்தான் டியூபை எடுத்துட்டு வந்தாரு. வாய்க்குள்ளயே வைக்கறது, ஒண்ணும் ஆகாது, கழுவினா போயிடும்னாரு. கழுவிட்டுத்தான் கூட்டுல வச்சேன்."

"நீதான் கழுவினியா?"

"ஆமா."

"கோழி மிதிச்சுக் குஞ்சு சாகாதுன்னு சொல்லுவியே, இப்ப யாருப்பா மிதிச்சது?"

"கத்தாத. உள்ள கேக்கும்."

"கேக்கட்டும். டியூப் காணோம்னு உன்னைத் திருடன்னு சொல்றாங்க, நீ வாயை மூடிக்கிட்டு நிக்கற. எடுத்தவரு பேப்பர் படிக்கறாரு. உனக்கு உடம்பு கூசலையா?"

"கூசுச்சு," என்றார் அப்பா. "பதினாலு வருஷமாக் கூசுது. அதுலதான் நீ படிச்ச."

அப்பாவின் மேல் வந்த அருவருப்பு சுற்றிவந்து அவள் மேலேயே ஏறியது.

டாக்டரிடம் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அவர் சிறிய நோயாளியைப் பார்ப்பதுபோலக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"மூணுல ஒண்ணு போறது இயற்கை. நீயே முதல் பக்கத்துல எழுதியிருக்கியே, பாதிக் குஞ்சு கூட்டை விட்டே போகாதுன்னு."

"நான் எழுதினது பூனைக்கு, பாம்புக்கு."

"எல்லாம் ஒண்ணுதான். உணர்ச்சிவசப்படாத. படிச்ச பொண்ணு." கேமராவிலிருந்து சின்ன மெமரி அட்டையை உருவி அவள் கையில் வைத்தார். "நேத்து எடுத்தது, முந்நூறு படம். கூர்மையா இருக்கறதுல ஒண்ணு எடுத்து வை. மீதியை அழிச்சிடு. ஞாயித்துக்கிழமை தலைவி வர்றாங்க, எல்லார் முன்னாடியும் கையெழுத்துப் போட்டுடலாம்."

வீட்டில் பழைய கணினியில் அட்டையைச் செருகினாள். கடைசிப் படங்கள் அற்புதமாக இருந்தன. அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மூன்று குஞ்சுகள், மூன்று சிவந்த வாய், மேலே தாய், பின்னால் பச்சை வெளிச்சம். முதல் படங்களுக்குப் போனாள். போனதும் புரிந்தது. பசை தடவ டாக்டருக்கு இரண்டு கையும் வேண்டியிருந்திருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, இரண்டு வினாடிக்கு ஒன்று தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு வேலையில் இறங்கியிருக்கிறார். கேமரா எஜமானையும் விட்டுவைக்கவில்லை. நாற்பது படங்களில் அவர் கை இருந்தது, பச்சைக்கல் மோதிரத்தோடு. டியூப் இருந்தது. கிளையைப் பிடித்த அப்பாவின் இரண்டு கைகளும் இருந்தன, நகத்தில் மண்ணோடு.

மோதிரக் கை இருந்த ஒவ்வொரு படத்திலும் அப்பா கையும் இருந்தது. ஒன்றை விட்டு ஒன்றை வெட்ட முடியாது. முயன்று பார்த்தாள். சனிக்கிழமை முழுக்க முயன்று பார்த்தாள்.

"அழிச்சிட்டியா?" என்றார் அப்பா சாப்பிடும்போது.

"இல்லை."

"அழிச்சிடு. நீ ஏரிக்குப் போ, குருவி எண்ணு, நிம்மதியா இரு. செத்தது செத்துப்போச்சு."

சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. ஏரி, காலை, நோட்டு, தொலைநோக்கி. ஒரே ஒரு கையெழுத்து. அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க உண்மையாகவே எண்ணலாமே என்றுகூட ஒரு கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் தன் வாயிலேயே புதினா வாசனை அடித்ததுபோல இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணி. கூடத்தில் சங்கத்துக்காரர்கள் எட்டுப் பேர், பிஸ்கட், டீ. பொட்டு வைத்த கோப்பை அவளுக்கு. தலைவி மெலிந்த, கனிவான குரல்காரர். குருவி படம் போட்ட சேலை. ஜன்னலுக்கு வெளியே அப்பா ஏதோ வேலையாக நின்றார். டாக்டரம்மா பல் இல்லாமல், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். புது டியூப் வாங்கித் தர டாக்டருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவள் அட்டையைக் கணினியில் செருகினாள். பெரிய திரையில் படம் வந்ததும் கூடமே மூச்சை இழுத்தது.

"அய்யோ, செல்லங்க!"

"வரிசையைப் பாருங்களேன், அளவெடுத்து நிக்க வச்ச மாதிரி!"

"பொறுமைதான்," என்றார் டாக்டர். "ஒன்பது நாள் மூச்சு விடாம உக்காந்தேன்."

தலைவி படிவத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினார். "நீதான் கூடவே இருந்த பொண்ணாம்மா? எல்லாம் இயற்கையா எடுத்ததுதானே?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். தலையை லேசாக ஆட்டினார். வேண்டாம் என்றாரா, ஆகட்டும் என்றாரா, தெரியவில்லை. தெரியாததை என்ன செய்வதென்று காலேஜ் சொல்லிக்கொடுத்திருந்தது. அதை எதைக் கொண்டும் நிரப்பக்கூடாது.

"இதுக்கு முன்னாடி படத்தையும் பாத்துடுங்கம்மா," என்று சொல்லி, கணினியில் பின்பக்கம் போகிற பொத்தானை அழுத்தினாள்.

தாய் மறைந்தது. அழுத்தினாள். வாய்கள் மூடின. அழுத்தினாள். ஒரு குஞ்சு தலைகீழாகத் தொங்கியது. விழவில்லை, கால் ஒட்டியிருந்ததே. அழுத்தினாள். பச்சைக்கல் மோதிரம் குஞ்சின் முதுகை அமுக்கிக்கொண்டிருந்தது. அழுத்தினாள். டியூப். அழுத்தினாள். மண் படிந்த இரண்டு கைகள்.

"அந்தக் கை என் அப்பாவோடது," என்றாள். "மோதிரம் யாருதுன்னு நான் சொல்லவேண்டாம். மூணுல ஒண்ணு வெள்ளிக்கிழமை செத்துப்போச்சு."

பிஸ்கட்டை டீயில் முக்கிய ஒருவர் எடுக்க மறந்தார். அது ஒடிந்து விழுந்தது. டாக்டர்தான் முதலில் எழுந்தார்.

"எல்லாம் இவன் செஞ்ச வேலை!" ஜன்னலைக் காட்டினார். "பசையைத் திருடிட்டுப் போய் இவன்தான் தடவியிருக்கான். நான் பிரிச்சுவிடத்தான் கையை வச்சேன்!"

டாக்டரம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். மடியில் துணியில் சுற்றி வைத்திருந்த பல்செட்டை எடுத்து, எழுந்து வந்து, கணவர் முன்னால் இருந்த பிஸ்கட் தட்டில் வைத்தார். டக் என்று சத்தம் வந்தது. இளஞ்சிவப்பு ஈறோடு பதினாலு பல் தட்டில் சிரித்தது.

"என் வாய்க்கு அது இல்லாம நாலு நாளா கஞ்சி," என்றார். பல் இல்லாத வாயில் வார்த்தைகள் கரைந்து கரைந்து வந்தாலும் எல்லாருக்கும் புரிந்தது. "அந்த ஆளைத் திருடன்னு சொன்னேன். நீங்க பேப்பரைத் திருப்பினீங்க."

தலைவி தொண்டையைச் செருமினார். திரையைப் பார்த்தார், பல்செட்டைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "தப்புதான்... போட்டிக்கு எடுத்துக்க முடியாது. ஆனா படத்தை மட்டும் தனியாப் பாத்தா, நல்ல படம்தான். காலண்டர்ல போடலாமான்னு யோசிக்கணும்."

இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

அவள் படிவத்தை இழுத்து, தொந்தரவு ஏதும் உண்டா என்ற கட்டத்தில் எழுதினாள்: பதினொரு கிளை வெட்டப்பட்டது. மூன்று குஞ்சுகள் பல்செட் பசையால் கிளையில் ஒட்டப்பட்டன. ஒன்று இறந்தது. கிளையைப் பிடித்தவர் தோட்டக்காரர், என் தந்தை. கையெழுத்துப் போட்டாள். பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதினாள், ஒரு புள்ளி விடாமல். படிவம் பறக்காமல் இருக்கப் பல்செட் தட்டை அதன்மேல் தூக்கி வைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போகாமல், முன்வாசல் வழியாக வெளியே போனாள். செருப்பு பின்வாசலில் இருந்தது. சுற்றிக்கொண்டுதான் போகவேண்டியிருந்தது.

எலுமிச்சைச் செடிக்குப் பக்கத்தில் அப்பா நின்றார். வேறொரு செடியிலிருந்து ஒடித்த இலைக் கொத்துகளைக் கூட்டுக்கு மேலே வைத்துக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். உள்ளே டாக்டர் கத்துவது கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

"கையைக் காட்டிட்டியே," என்றார், திரும்பாமல்.

"ம்."

"நாளையிலேர்ந்து எனக்கும் வேலை இல்லை, உனக்கும் இல்லை."

"தெரியும்."

"பிடி," என்று கயிற்று நுனியை நீட்டினார்.

அவர் நகக்கண்ணில் இன்னும் இளஞ்சிவப்பு இருந்தது. அதைத் தொடப் பிடிக்கவில்லை அவளுக்கு. மன்னிக்கவும் இல்லை. கயிற்றை மட்டும் வாங்கிப் பிடித்தாள். அப்பா முடிச்சுப் போட்டார். மதில்மேல் தாய்ப்பறவை, அலகில் புழுவோடு, வாலை ஆட்டி ஆட்டித் திட்டியது.

"வா. நாம போனாத்தான் அது இறங்கும்," என்றார் அப்பா.

கேட்டுக்கு வெளியே வந்து நின்றார்கள். அங்கிருந்து கூடு தெரியவில்லை. அப்பா கட்டிய இலை நன்றாகவே மறைத்தது. பறவை மதிலிலிருந்து இறங்கியது. உள்ளே கீச்சுச் சத்தம் எழுந்தது. காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். நோட்டு அந்த வீட்டிலேயே இருந்தது. பேனா மட்டும் கையில் இருந்தது. உள்ளங்கையில் எழுதினாள்: மணி ஐந்து பத்து. தாய் வந்தது. இரண்டு குரல்.